ஒரே கணினி, நாலு பேர்: உங்கள் கோப்புகளைத் தனியாக வைத்திருப்பது எப்படி?

நாளைக்குக் காலையில் ஒப்படைப்பு. மூன்று வாரமாகச் செய்த வேலை. இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புறையைக் காணோம்.

"தம்பி, இங்க இருந்த ஃபோல்டர் எங்க?"

"அதுவா அக்கா, கேம் போட இடம் பத்தல. பழசுன்னு நெனச்சு டிலீட் பண்ணிட்டேன்."

அவன்மேல் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் உங்கள் அறைக்குள் வந்து எதையும் எடுக்கவில்லை. எல்லாரும் ஒரே கணக்கில், ஒரே டெஸ்க்டாப்பில் இருக்கும்போது எது உங்களுடையது, எது அவனுடையது என்று கணினிக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

இன்று உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் சொந்தமாகக் கற்றல் சாதனம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியபோது ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்ற வீடுகள் உண்டு. அதன்பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. இருந்தாலும் வரவேற்பறை மேசையில் இருக்கும் அந்த ஒரு மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் பொதுச் சொத்துதான். அம்மா கட்டணம் செலுத்துவது அதில். அப்பா பழைய படங்களைச் சேர்த்து வைத்திருப்பது அதில். உங்கள் வேலை விண்ணப்பமும் அதில்தான்.

அதில் உங்கள் கோப்புகளை எப்படிப் பிரித்து வைப்பது? படிப்படியாகப் பார்ப்போம்.

கோப்புறையை ஒளித்து வைத்தால் போதாதா?

போதாது. பலரும் முதலில் செய்வது இதைத்தான். கோப்புறைக்கு 'பழைய நோட்ஸ்' என்று பெயர் வைப்பது, பத்துக் கோப்புறைக்குள் போட்டுப் புதைப்பது, 'ஹிட்டன்' என்று குறியிடுவது.

ஒளித்து வைப்பது பூட்டுவது ஆகாது. ஒளித்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் ஒரே ஒரு தெரிவைச் சொடுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதுகூட வேண்டாம். தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினாலோ, வேர்டில் 'அண்மையில் திறந்தவை' பட்டியலைப் பார்த்தாலோ உங்கள் கோப்பின் பெயர் அங்கே நிற்கும். தேடாதவர் கண்ணிலும் படும்.

அப்படியானால் சரியான வழி எது?

ஆளுக்கு ஒரு பயனர் கணக்கு. விண்டோஸ், மேக் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. காசு கட்ட வேண்டாம், எதையும் பதிவிறக்க வேண்டாம்.

தனிக் கணக்கு என்றால் தனி டெஸ்க்டாப், தனி டாக்குமெண்ட்ஸ், தனி டவுன்லோட்ஸ், தனி உலாவி வரலாறு. உங்கள் கணக்கில் நீங்கள் வைத்திருக்கும் கோப்பை இன்னொரு சாதாரணக் கணக்கிலிருந்து திறக்க முயன்றால் கணினியே அனுமதி மறுத்துவிடும். தம்பி தெரியாமல் அழிப்பதற்கும் வாய்ப்பில்லை.

விண்டோஸ் 11இல்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போங்கள். 'ஆட் அக்கவுண்ட்' பொத்தானை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் அதன் மின்னஞ்சலைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அந்தக் கணக்கு இல்லாமலேயே பயனரைச் சேர்க்கும் தெரிவு அடுத்தடுத்த பக்கங்களில் வரும்.

மேக்கில்: சிஸ்டம் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ். அங்கே புதிய பயனரைச் சேர்க்கலாம். கோப்புகளை டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஏற்கெனவே உள்ள கோப்புறைகளுக்குள்ளேயே வையுங்கள். அவைதான் மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டவை.

விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறதா? மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணக்குகளைப் பிரிக்கும் வசதி அதிலும் வேலை செய்யும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்காத கணினியில் எவ்வளவு பிரித்து வைத்தாலும் பாதி வேலைதான்.

'அட்மின்' யார்? இதுதான் முக்கியமான கேள்வி

கணக்குகளில் இரண்டு வகை. ஒன்று நிர்வாகி, அதாவது அட்மின். மற்றது சாதாரணக் கணக்கு, அதாவது 'ஸ்டாண்டர்ட்'.

நிர்வாகி கணினி முழுவதற்கும் வீட்டுக்காரர் மாதிரி. மென்பொருள் போடலாம், மற்றவர்களின் மறைச்சொல்லை மாற்றலாம், கணக்கையே அழிக்கலாம். விண்டோஸில் நிர்வாகி இன்னொருவரின் கோப்புறையைச் சொடுக்கினால் அனுமதி இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். கீழேயே 'கண்டினியூ' பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் கதவு திறந்துவிடும்.

ஆகவே நாலு பேருக்கு நாலு கணக்கு போட்டு, நாலுமே நிர்வாகிக் கணக்காக இருந்தால், பிரித்ததில் பெரிய பயனில்லை.

நல்ல ஏற்பாடு இது: எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு. நிர்வாகத்துக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு. தினசரி வேலைக்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. மென்பொருள் போட வேண்டுமென்றால் கணினி அந்த நிர்வாகியின் மறைச்சொல்லைக் கேட்கும், அவ்வளவுதான். அந்த மறைச்சொல் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒரு தாளில் எழுதி, கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஏன் இரண்டு பேர்? எல்லாம் தெரிந்த அண்ணன் தேசியச் சேவைக்குப் போய்விட்டால், வீட்டில் பிரிண்டரைக்கூட இணைக்க முடியாத நிலை வரலாம். அதைவிடக் கவலையானது ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவது. அந்த நேரத்தில் காப்புறுதிப் பத்திரம் கணினியில் இருக்கிறது, திறக்க ஆளில்லை என்ற நிலை வரக்கூடாது.

ஏற்கெனவே எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடக்கிறதே?

பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. அவசரப்பட வேண்டாம். இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஒரு நகல். வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ தம்ப் டிரைவிலோ முக்கியமானவற்றைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புதிய கணக்குகளைத் தொடங்குங்கள். பழைய கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். விண்டோஸில் ஒரு கணக்கை நீக்கினால் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்து போய்விடும். அம்மாவின் பத்து வருஷப் படங்கள் அதில் இருக்கலாம்.

பிறகு கோப்புகளை மாற்றுங்கள். பழைய கணக்கிலிருந்து 'பப்ளிக்' கோப்புறையில் போட்டு, உங்கள் புதிய கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். ஒரே டிரைவுக்குள் கோப்பை நகர்த்தும்போது, எல்லாரும் பார்க்கலாம் என்ற பழைய அனுமதி கோப்போடு ஒட்டிக்கொண்டே வரும். நகலெடுத்தால் புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொதுவில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு மாதம் பொறுத்திருங்கள். யாரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை என்றால் பழைய கணக்கை நீக்கலாம்.

கணினியில் 'டி' டிரைவ் என்று இன்னொரு பகுதி இருக்கிறதா? கவனம். அங்கே வைக்கும் கோப்புகள் பொதுவாக எல்லாக் கணக்குகளுக்கும் தெரியும். தனியாக வைக்க வேண்டியதை உங்கள் கணக்கின் டாக்குமெண்ட்ஸுக்குள் வையுங்கள்.

கணக்கு பிரித்தாயிற்று. இன்னும் எங்கே கசியும்?

உலாவியில். குரோமில் ஆளுக்கொரு 'புரொஃபைல்' வைத்துக்கொள்ளலாம். புக்மார்க், வரலாறு கலக்காமல் இருக்க அது உதவும். ஆனால் ஒரே கணினிக் கணக்குக்குள் இருக்கும் எவரும் ஒரு சொடுக்கில் உங்கள் புரொஃபைலுக்கு மாறலாம். அது திரைச்சீலை, கதவு இல்லை. இன்காக்னிட்டோவும் அப்படித்தான். வரலாறு பதிவாகாது, ஆனால் பதிவிறக்கிய கோப்பு டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் அங்கேதான் குவியும்.

வாட்ஸ்அப்பில். கணினியில் ஒருமுறை வாட்ஸ்அப் வெப் திறந்தால், வெளியேறும்வரை அது திறந்தே இருக்கலாம். கைப்பேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய் எந்தெந்தக் கணினி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். தெரியாதது இருந்தால் அங்கிருந்தே துண்டிக்கலாம்.

எழுந்துபோகும் நேரத்தில். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்படியே விட்டுப் போனீர்கள். மறைச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தென்ன? விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு 'எல்', மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட் இரண்டோடும் 'கியூ'. திரை பூட்டிக்கொள்ளும். ஒரு வாரம் செய்தால் விரல் பழகிவிடும்.

மறைச்சொல்லில். பிறந்தநாள், கைப்பேசி எண், அடையாள அட்டை எண் எல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தவை. அடையாள அட்டை எண்ணை மறைச்சொல்லாக வைப்பது வீட்டுக்கு வெளியேயும் ஆபத்து. அந்த எண்ணைக் கொண்டு ஒருவரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் வழக்கத்தைக் கைவிடும்படி 2025 ஜூனில் சிங்கப்பூர் அதிகாரிகள் தனியார் நிறுவனங்களுக்கே ஆலோசனை கூறினார்கள்.

மேகச் சேமிப்பில் வைத்தால் போதுமா?

உதவும். கூகள் கணக்கில் 15 கிகாபைட், ஒன்டிரைவில் 5 கிகாபைட் இலவசம். ஒப்படைப்புகளுக்கு அது தாராளம். தம்பி கணினியில் அழித்தாலும் மேகத்தில் மீட்க வழி உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடும்பக் கணினி அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அவருடைய ஒன்டிரைவுக்குத் தானாகவே போய்க்கொண்டிருக்கலாம். நீங்கள் எழுதிய நாட்குறிப்பு அவர் கைப்பேசியில் தெரியும். அவர் வேவு பார்க்கவில்லை. அமைப்பு அப்படி. உங்கள் கணக்கு, உங்கள் மேகம் என்று பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

ஒன்றிரண்டு கோப்புகளுக்கு மட்டும் கூடுதல் பூட்டு வேண்டுமா? வேர்டிலேயே மறைச்சொல் போடலாம். ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமெண்ட் என்று போங்கள். அந்த மறைச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது. பத்திரம்.

கணினி அல்ல, கைக்கணினி என்றால்?

ஐபேடில் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஆளுக்கொரு கணக்கு வைக்க வழியில்லை. பகிர்ந்து பயன்படுத்தும் ஐபேடில் சொந்தக் கோப்புகளை வைக்காமல் இருப்பதே நல்லது. பல ஆண்ட்ராய்டு கைக்கணினிகளில் பல பயனர்களைச் சேர்க்கலாம். குரோம்புக்கில் பிரிப்பு இன்னும் பலமானது. ஒவ்வொருவரின் கோப்பும் அவரவர் மறைச்சொல்லோடு தனித்தனியாக மறையாக்கப்படுகிறது.

பள்ளி மூலம் வாங்கிய கற்றல் சாதனத்தில் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருள் இருக்கும். அலுவலக மடிக்கணினி நிறுவனத்துக்குச் சொந்தமானது. இரண்டிலும் குடும்பக் கோப்புகள் வேண்டாம். அப்பாவின் அலுவலகக் கணினியில் தம்பி விளையாடுவதும் வேண்டாம்.

விளையாட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது. விளையாட்டில் ஜெயிக்க உதவும் 'சீட்', இலவச 'மோட்' என்று இணையத்தில் கிடைப்பவற்றில் சிலவற்றுக்குள் மறைச்சொல் திருடும் தீங்குநிரல் இருக்கும். எல்லாரும் ஒரே கணக்கில் இருந்தால், தம்பி சொடுக்கிய ஒன்று அம்மா உலாவியில் சேமித்த மறைச்சொல்லை அள்ளிக்கொண்டு போய்விடும்.

தம்பி சாதாரணக் கணக்கில் இருந்தால் அந்த நிரலுக்கும் அவனுக்குள்ள அனுமதி மட்டும்தான். நிர்வாகி மறைச்சொல்லைக் கேட்டுத் திரை வந்தால், 'சரி போடு' என்று தட்டிவிடாமல் எதற்குக் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் படியுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கானது. வீட்டு விவகாரமாக ஒருவர் செய்வது அதற்குள் வராது. அண்ணன் உங்கள் கோப்பைப் படித்துவிட்டான் என்று அந்தச் சட்டத்தின்கீழ் புகார் செய்ய முடியாது.

ஆனால் கணினி முறைகேட்டுச் சட்டம் வேறு. அனுமதியில்லாமல் என்று தெரிந்தே ஒரு கணினியிலுள்ள தரவைத் திறப்பது குற்றம். முதல்முறை என்றால் 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதை எடுத்து யாரையும் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. 'வீட்டுக்குள்ளதானே' என்பது எல்லாவற்றுக்கும் சமாதானம் ஆகாது என்பதற்காகச் சொல்கிறோம். இது உங்களுக்கும் பொருந்தும். அக்காவின் மறைச்சொல்லை ஊகிக்கும் விளையாட்டு வேண்டாம்.

"அப்படி என்ன மறைக்கிற?"

தொழில்நுட்பம் அரை மணி நேர வேலை. இந்தக் கேள்விதான் கஷ்டம்.

நம் வீடுகளில் கதவைச் சாத்தினாலே காரணம் கேட்பார்கள். திடீரென்று ஒருநாள் கணினியில் மறைச்சொல் போட்டால் அம்மா முகம் வாடிவிடும். "நாங்க பாக்கக்கூடாததா?" என்பார்.

ஆகவே சொல்லாமல் செய்யாதீர்கள். சேர்ந்து செய்யுங்கள். "எனக்குத் தனியா வேணும்" என்று தொடங்காமல், "உங்க படமெல்லாம் யாரும் தெரியாம அழிச்சிடக்கூடாதும்மா, ஆளுக்கு ஒண்ணு பிரிச்சுப் போடலாம்" என்று தொடங்கிப் பாருங்கள். அது சாக்குப்போக்கு இல்லை, உண்மை. முதல் கணக்கை அம்மாவுக்கே போட்டுக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, அவருக்குப் பிடித்த படத்தைப் பின்னணியில் வையுங்கள். பிரித்ததில் தனக்கும் ஓர் இடம் கிடைத்தது என்று அவருக்குத் தெரியட்டும். அவருக்கும் யாரும் பார்க்க வேண்டாத கோப்பு ஒன்று இருக்கலாம். மருத்துவச் சோதனை முடிவாக இருக்கலாம், கடன் கணக்காக இருக்கலாம், பிள்ளைகளிடம் காட்டாத கவிதையாகக்கூட இருக்கலாம்.

பொதுவாக வைக்க வேண்டியதையும் பேசி முடிவு செய்யுங்கள். குடும்பப் படங்கள், மின்கட்டண ரசீது, பாட்டி சொல்லச் சொல்லப் பதிவு செய்த குரல் எல்லாம் 'பப்ளிக்' கோப்புறையில் இருக்கட்டும். கடப்பிதழ் நகல், வங்கி அறிக்கை அங்கே வேண்டாம்.

தொடக்கப்பள்ளி வயதுத் தம்பி தங்கை என்றால் கதை வேறு. அவர்கள் கணக்கைப் பெற்றோர் கவனிப்பது சரியே. விண்டோஸில் அதற்கென்றே சிறுவர் கணக்கு இருக்கிறது. கவனிக்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கவனிப்பது இன்னும் நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

வீட்டில் ஒருவர் உங்களைக் கட்டுப்படுத்துகிறார், மிரட்டுகிறார், கைப்பேசியையும் கணினியையும் சோதிக்கிறார் என்றால், மேலே சொன்ன எதையும் நம்பி இருக்காதீர்கள். நிர்வாகி அவராக இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். திடீரென்று மறைச்சொல் மாற்றுவதுகூடச் சந்தேகத்தைத் தூண்டலாம். உதவி தேடுவதை அந்தக் கணினியில் செய்யாதீர்கள். நம்பகமான ஒருவரின் தொலைபேசியிலிருந்து வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000ஐ அழையுங்கள். அது நாள் முழுவதும் இயங்குகிறது.

இன்றிரவே செய்யக்கூடியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்றைக்கு மூன்று போதும்.

- முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுங்கள்.
- கணினியில் யார் நிர்வாகி என்று பாருங்கள்.
- உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப்பின் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைச் சரிபாருங்கள்.

கணக்குகளைப் பிரிப்பதை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம், மேசையைச் சுற்றி உட்கார்ந்து. தம்பியையும் கூப்பிடுங்கள். அவனுக்கும் ஒரு கணக்கு, அவன் விளையாட்டுக்கும் ஓர் இடம். அடுத்தமுறை இடம் பத்தவில்லை என்றால் அவன் அழிப்பது அவனுடையதாகவே இருக்கும்.